விக்டோரியா ஏரியில் விட்ட மீன்

வணக்கம் நேயர்களே.

கொடுவா மீனை நமக்கெல்லாம் தெரியும். அதன் நெருங்கிய உறவு ஒன்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நைல் பெர்ச் என்று பெயர். ஆறடி வரை வளரும்; இருநூறு கிலோவைத் தொடும். 1950-களில் இந்த மீனை விக்டோரியா ஏரியில் விட்டார்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஏரி அது. பரப்பு ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர்.

அந்த ஏரி மீனில்லாமல் கிடக்கவில்லை. நம் ஜிலேபி மீனின் குடும்பத்துச் சிறு மீன்களே அங்கே சுமார் 500 வகை இருந்தன. ஒரு வகை பாறைப் பாசியைச் சுரண்டும், இன்னொன்று நத்தை ஓட்டை நொறுக்கும், வேறொன்று அடிச்சேற்றைக் கிளறித் தின்னும். காலனி அதிகாரிகள் கண்ணுக்கு இவை முள் மிகுந்த, விலைபோகாத மீன்கள். இவற்றைத் தின்று பெரிய மீன் வளர்ந்தால் லாபம்தானே என்று கணக்குப் போட்டார்கள். வேண்டாம் என்று உயிரியலாளர் ஜெஃப்ரி ஃப்ரையர் 1960-இல் எழுதினார். அதற்குள் மீன் ஏரிக்குள் போய்விட்டிருந்தது.

இருபது ஆண்டுகளுக்குப் பெரிதாக எதுவும் தெரியவில்லை. என்னை மிகவும் கவலைப்படுத்துவது இந்த அமைதிதான். நம் குளங்களில் ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தடையை மீறி வளர்ப்பவர்களும் ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்றுதான் சொல்கிறார்கள்.

1980-களில் வலைக்கு வலை நைல் பெர்ச். சிறு மீன்களில் ஏறக்குறைய 200 வகை மறைந்தன. பாசி தின்ன ஆளில்லாமல் பெருகியது. வயல் உரமும் ஊர்க் கழிவும் ஏரியில் கலந்ததற்கும் அதில் பெரும்பங்கு உண்டு. பாசி மடிந்து அழுக, ஆழத்து நீரில் ஆக்சிஜன் குறைந்தது.

மாற்றம் தண்ணீரோடு நிற்கவில்லை. சிறு மீனை வெயிலில் காயவைத்தால் போதும். நைல் பெர்ச் பெரியது, கொழுப்பு மிகுந்தது. புகை போட்டுத்தான் கெடாமல் வைக்க வேண்டும். அதற்கு விறகு தேவை, கரையோர மரங்கள் வெட்டுப்பட்டன. ஐரோப்பாவுக்கு மீன் அனுப்பும் ஆலைகள் வந்தன. சிறு மீன் வாங்கி விற்ற கரையோரப் பெண்கள் பலர் பிழைப்பை இழந்தார்கள். ஆனால் அந்த ஏற்றுமதியை நம்பி இன்று எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. அதனால் அந்த மீனை ஒழித்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

நைல் பெர்ச்சை அளவுக்கு மீறிப் பிடித்தபின் 1990-களில் சிறு மீன்கள் சில மீண்டும் பெருகின. ஆய்வாளர்கள் அவற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு வகையின் செவுள்கள் முன்னைவிடப் பெரிதாகியிருந்தன. அது தின்னும் இரையும் மாறியிருந்தது.