பாயைப் பாரும்

நேயர்களுக்கு வணக்கம். நான் ராதாபுரம் பக்கத்துக்காரன், பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். சண்டையை மனசில் சுமந்துகொண்டிருக்கும் பட்டாளத்துக்காரர்களைப் பாய்மரப் படகில் கடலுக்குக் கூட்டிப்போவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

கோயில் கொடை என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் கொண்டாட்டம். என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், கொடைக்கு முந்தின நாளே பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவார். நடுராத்திரி சாமக்கொடைக்கு வெடி போடுவார்களே, அந்தச் சத்தம் தாங்காமல்தான். 1987 அக்டோபரில் இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குள் போன இந்திய அமைதிப்படையில் அவர் இருந்தார். எதிரே துப்பாக்கியோடு நின்ற பையன் பேசியதும் தமிழ், வீட்டுக்குள் இருந்து அழுத ஆச்சி பேசியதும் தமிழ். அதைப் பற்றி முப்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். ராத்திரி மூன்று தடவை எழுந்து கதவைத் தள்ளிப் பார்ப்பார், பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருவார், முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது. ஊரில் ‘முசுடு’ என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

இதற்கு டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்று பேர் சொல்கிறார்கள், பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் மனநோவு. 1980 இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் இந்தப் பேரில் சேர்த்தார்கள். சண்டை முடிந்தது என்று புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. அது காவலில் நின்றுகொண்டே இருக்கும்.

இங்கிலாந்தில் ஃபால்மவுத் என்று ஒரு துறைமுக ஊர். அங்கே 2012 முதல் ‘டர்ன் டு ஸ்டார்போர்டு’ என்று ஒரு அமைப்பு, முன்னாள் படைவீரர்களைப் பாய்மரப் படகில் கூட்டிப்போகிறது. ஸ்டார்போர்டு என்றால் படகின் வலப்பக்கம். சும்மா சுற்றிக் காட்டிவிட்டு இறக்கிவிடுவதில்லை, படகு ஓட்டவே கற்றுக்கொடுக்கிறார்கள், நன்றாக வருகிறவர்களை அதையே தொழிலாக எடுக்கிற அளவுக்குத் தயார் செய்கிறார்கள். அமெரிக்காவிலும் இப்படி உண்டு. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: கடலும் நம்மிடம் இருக்கிறது, பட்டாளத்துக்காரனும் வீட்டுக்கு வீடு இருக்கிறான், அப்புறம் ஏன் நாம் சும்மா இருக்கிறோம்?

சரி என்று போன மாசியில் ஆறு பேர் உவரிக் கடற்கரைக்குப் போனோம். அண்ணனை நான் கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். கப்பல் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், சின்ன வயதில் பாய் விரித்தே தொழில் பார்த்தவர். இன்றைக்கு எல்லாம் ஃபைபர் படகும் இஞ்சினும்தானே. அவர் எங்களுக்காகப் பழைய பாயை எடுத்துத் தைத்து வைத்திருந்தார். விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று, அது தள்ளிக்கொண்டு போகும். மத்தியானம் கடல்காற்று எழும், அது கரைக்குக் கொண்டுவந்து விடும். அந்தக் காலத்தில் இந்தக் கணக்கை நம்பித்தான் மீனவர்கள் போய்வந்தார்கள்.

பாயை இழுத்துப் பிடிக்கிற கயிற்றுக்குத் தாமான் என்று பேர். அதை அண்ணன் கையில் கொடுத்தார் பெரியவர். அண்ணன் கை வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றையே பார்த்தார். “கயித்தப் பாக்காதீரும் மிலிட்டரி, பாயப் பாரும். அது படபடன்னு அடிச்சா இழும், விம்முனா விட்டுக்குடும்” என்றார் பெரியவர். கொஞ்ச நேரத்தில் அண்ணனுக்குப் பிடிபட்டுவிட்டது. காற்று திரும்புவதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் கண்டுபிடித்தார். ஊருக்குள் எந்தக் குணத்தை முசுடு என்று சொன்னோமோ, அந்த ஓயாத கவனம், எதையும் விடாமல் பார்க்கிற கண், படகில் எல்லோருக்கும் வேண்டியதாக இருந்தது. அதை எத்தனை வருஷம் வீணாக்கிவிட்டோம் என்று எனக்கு அப்போது நெஞ்சு அடைத்துக்கொண்டது.

திரும்பி வரும்போது அவர் பேசினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை, பாயைப் பார்த்தபடியேதான் பேசினார். படகில் அது ஒரு வசதி, எல்லோருக்கும் ஒரே பக்கம் பார்வை, கையில் வேலை, நடுவில் மௌனம் வந்தாலும் யாருக்கும் சங்கடமில்லை. அவர் சொன்னதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அது அந்தப் படகில் இருந்த ஏழு பேருக்குச் சொன்னது.

வீட்டுக்காரம்மாக்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் கடலுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடாது. அண்ணன் இன்னும் ராத்திரி எழுந்திருக்கிறார். அவர் இப்போது டாக்டரிடமும் போகிறார், அதற்குச் சம்மதித்ததே படகில் வந்த இன்னொருவர், கார்கிலில் இருந்தவர், தானும் மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்ன பிறகுதான். தூக்கம் இல்லாமல், குடி மிஞ்சி, செத்துவிடலாம் என்கிற பேச்சு வீட்டில் வந்தால் தாமதிக்காதீர்கள். 14416, டெலி மனஸ், மனநல உதவிக்கு அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 இல் முடியும், ஆனால் அப்போது கச்சான் என்கிற மேல்காற்று பலமாக இருக்கும், புதிதாக வருகிறவர்களுக்கு ஆகாது. அதனால் அடுத்த மாசியில்தான் போகிறோம், இந்தத் தடவை இரண்டு படகு. லைஃப் ஜாக்கெட் எங்களிடம் இருக்கிறது, கடலோரக் காவல் போலீஸாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். விடியற்காலை நாலரைக்கு உவரிக் கரையில் நிற்க வேண்டும். பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், உப்புத்தண்ணீர் தெறிக்கும். தாமான் பிடிக்க அண்ணன் சொல்லித் தருவார்.