குறிப்பைப் பார்த்துப் பேசிய வீடியோவில் கண்ணை மட்டும் ஏஐ வைத்து நேராக்கலாமா?

அடுத்த கேள்வி, பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்தும் ஒரு டீச்சர் அனுப்பியது. "போனை ஸ்டாண்டில் வைத்து, பக்கத்தில் லேப்டாப்பில் குறிப்பைப் பார்த்துப் பேசி எட்டு வீடியோ எடுத்துவிட்டேன். எல்லாவற்றிலும் வேறு யாரிடமோ பேசுவது போல இருக்கிறது. திரும்ப எடுக்க நேரமில்லை. ஏஐ வைத்துக் கண்ணை நேராக்க முடியுமா?"

முடியும் டீச்சர். ஆனால் எட்டு வீடியோவையும் முழுசாக அதில் போட்டுவிடாதீர்கள்.

இந்த வசதி ஒவ்வொரு ஃபிரேமிலும் உங்கள் பார்வை எந்தப் பக்கம் போகிறது என்று கணிக்கும். அப்புறம் கண் பகுதியை மட்டும், லென்ஸைப் பார்ப்பது போல மாற்றி வரைந்துவிடும். தலையைத் தொடாது. நீங்கள் கழுத்தையும் சேர்த்து லேப்டாப் பக்கம் திருப்பியிருந்தால், முகம் ஒரு பக்கமும் கருவிழி இன்னொரு பக்கமுமாக நிற்கும். பார்க்கவே சங்கடமாக இருக்கும். மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் அடித்தாலும், கை முகத்துக்குக் குறுக்கே வந்தாலும் கண் துள்ளும்.

எந்த மென்பொருள் என்று கேட்டால், 2023 ஜனவரியில் வந்த என்விடியா பிராட்காஸ்ட் 1.4-இல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் அது கேமரா ஓடும்போதே வேலை செய்வது, கணினியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். ஏற்கெனவே எடுத்த வீடியோவுக்கு டிஸ்கிரிப்ட் போன்ற வீடியோ எடிட்டிங் மென்பொருள்தான் சரி.

நான் ரொம்பக் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. பலகையில் முக்கோணம் வரைந்து, "இந்தப் பக்கத்தைப் பாருங்கள்" என்று நீங்களும் அங்கே திரும்புவீர்கள் இல்லையா? பிள்ளைகள் உங்கள் கண் போகும் இடத்துக்குத்தான் போவார்கள். அந்த இடத்திலும் கருவிழி லென்ஸிலேயே நின்றால் அவர்கள் பலகைக்குப் போகமாட்டார்கள். ஒரு ஆசிரியருக்குக் கண்ணும் ஒரு சுட்டுவிரல். அதை அழித்துவிடக் கூடாது. அதனால் வீடியோவைத் துண்டாக வெட்டி, பாடத் தொடக்கம், முடிவு, நேராகப் பிள்ளைகளிடம் பேசும் வரிகள், இவற்றுக்கு மட்டும் போடுங்கள். முதலில் ஒரு நிமிடத் துண்டில் போட்டு, முழுத் திரையில் பாருங்கள். கண் சிமிட்டும் இடத்தில் பிசிறு தெரிந்தால் அந்தத் துண்டைப் பழையபடியே விட்டுவிடலாம்.

சரி, ஒன்பதாவது வீடியோவுக்கு ஏஐ-யே தேவைப்படாமல் செய்துவிடலாம். இது நீங்கள் நடத்தும் முக்கோணவியல்தான். 60 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்து, லென்ஸிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருக்கும் எழுத்தைப் படித்தால், டேன் தீட்டா மூன்றில் ஒன்று. பார்வை சுமார் 18 டிகிரி விலகுகிறது. போனையும் குறிப்பையும் அப்படியே 2 மீட்டருக்குத் தள்ளினால் 6 டிகிரிக்குள் வந்துவிடும். குறிப்பைப் பக்கத்தில் வைக்காமல் லென்ஸுக்கு ஒட்டிக் கீழே வைத்தால் இன்னும் குறையும். எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல் மட்டும் வருகிற மாதிரி குறுகலாக வையுங்கள். நீள வரியாக இருந்தால் கண் இடமிருந்து வலமாக ஓடுவது தெரியும். அவ்வளவு தூரத்தில் போன் மைக்கில் குரல் எதிரொலிக்கும், அதனால் காலரில் மாட்டுகிற மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.