எனக்கும் மன்னிப்பு உண்டா? மடுவில் இருந்து கதைக்கிறேன்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற வீடியோ இல்லை. மன்னார் மாவட்டத்தில் இருக்கிற மடு மாதா கோயில், மடுத் திருப்பதி வளவுக்குள் ஒரு மரத்தடியில் இருந்துகொண்டு கதைக்கிறேன். பின்னால் குரங்குச் சத்தம் கேட்கும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

பாவம் செய்த மனிதரைக் கடவுள் மன்னிப்பாரா என்பதுதான் விடயம். போர் நடந்த எங்கள் வன்னியில் இந்தக் கேள்வியை ஆக்கள் கோயிலுக்குள் கேட்பதில்லை. செத்தவீட்டுப் பந்தலுக்குள், வந்த சனம் எல்லாம் போன பிறகு, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். கேள்வியாகவும் வராது. “எனக்கெல்லாம் எங்க மன்னிப்பு” என்று, பதிலே வேண்டாம் என்கிற மாதிரித்தான் வரும். நான் சுவாமி (குருவானவர்) இல்லை, மறைக்கல்வி படிப்பிக்கிற ஆள். ஆனால் இந்த வசனத்தைக் கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி எழும்பிப் போக என்னால் முடிவதில்லை.

மடுவுக்கு ஏன் வந்து கதைக்கிறேன் என்றால், இந்த மாதாவே இடம்பெயர்ந்து வந்தவர். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கரைத் துரத்தியபோது, 1670ஆம் ஆண்டளவில் மாந்தையில் இருந்து சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனம் இந்தக் காட்டுக்குள் வந்தது. 2008 ஏப்ரலில் போருக்குள் திரும்பவும் இடப்பெயர்வு, தேவன்பிட்டிக்கு. அந்த ஓகஸ்ட்டில்தான் திரும்பி வந்தார். அதனால் எங்கள் ஆக்களுக்கு இங்கே வந்தால் மனம் திறக்கும். அது நல்லதுதான். ஆனால் சிலர் இன்னொரு நினைப்போடும் வருகிறார்கள். கடவுள் கோபக்காரர், தாய் மனம் இளகினவர், தாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போனால் தப்பலாம் என்ற நினைப்பு. திருச்சபை அப்படிப் படிப்பிக்கவில்லை. மகனை அனுப்பியதே பிதாதான். நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்று பவுல் உரோமையருக்கு எழுதுகிறார். திருந்திய பிறகு என்று எழுதவில்லை.

சரி, ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லுகிறேன். அவருடைய பெயரும் ஊரும் சொல்லமாட்டேன், முகமும் காட்டமாட்டேன். இந்த அளவுக்குச் சொல்ல அவரிடம் கேட்டுத்தான் சொல்லுகிறேன்.

ஆவணித் திருவிழாவுக்கு இங்கே கொட்டில் போட்டுத் தங்கிச் சமைக்கிற குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்பார். தன்னுடைய முறை கிட்ட வந்ததும் விலகிப்போய் மெழுகுதிரி கொளுத்துகிற இடத்தில் நின்றுவிடுவார். உருகி வழிந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றவரிடம்தான் நான் கதை கொடுத்தேன். 2009 தொடக்கத்தில், போரின் கடைசி மாதங்களில், ஷெல் விழ விழ, இரண்டு பிள்ளைகளோடு வெளிக்கிட்டிருக்கிறார். மாமியாருக்கு நடக்க ஏலாது. தூக்கவும் ஆள் இல்லை. பங்கருக்குள் இருத்திவிட்டு, திரும்பி வாறன் மாமி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். திரும்பிப் போக முடியவில்லை. இதை அவர் அழாமல்தான் சொன்னார். அழுதது அடுத்த வசனத்துக்கு.

“தம்பி, எங்களிட்ட ஒரு தண்ணிப் போத்தல்தான் இருந்தது. அதையும் நான் கொண்டு வந்திட்டன். மாமி கேக்கவும் இல்லை.”

எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். ஒரு செயல் கடவுளோடுள்ள உறவை முறிக்கிற சாவான பாவமாக வேண்டும் என்றால் மூன்றும் சேர வேண்டும் என்று திருச்சபை சொல்லுகிறது: கனமான விடயம், முழு அறிவு, முழுச் சம்மதம். தலைக்கு மேலே ஷெல் கூவுகிறபோது, ஒரு கையில் ஒரு பிள்ளை மறு கையில் மற்றப் பிள்ளை என்று நிற்கிற தாயிடம் முழுச் சம்மதம் எங்கே இருந்தது? அவரை அந்த இடத்தில் நிறுத்தியவர்களின் பாவம் அது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் தலையாட்டினார். பிறகு கேட்டார்: “பாவம் இல்லை எண்டு எல்லாரும்தான் சொல்லுகினம். அப்ப இது ஏன் எனக்கு நெஞ்சுக்குள்ள கிடக்குது?”

இந்த இடத்தில்தான் நாங்கள் வழக்கமாக விட்டுவிட்டுப் போகிறோம். உங்களில் பிழை இல்லை என்று சொல்லி, சொல்லவந்த வாயை மூடிவிடுகிறோம். அந்த அம்மாவுக்கு வேண்டியது தீர்ப்பு இல்லை. அந்தப் போத்தலைப் பற்றி முழுதாகச் சொல்லி முடிக்க ஒரு இடம் வேண்டும், சொல்லி முடித்த பிறகும் முகம் மாறாத ஒருவர் வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டி அதற்குத்தான் இருக்கிறது. எது பாவம், எது காயம் என்று பிரித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. இரண்டையும் அப்படியே கொண்டுபோகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் ஊர்களுக்கு இது முக்கியம். ஒரு சொல் வெளியே போனால் எங்கே போய் முடியும் என்று பயந்து பழகின சனம் நாங்கள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் ஒருவரிடமும் சொல்ல முடியாது. பொலிஸிடமும் இல்லை, ஆயரிடமும் இல்லை, நீங்கள் செத்த பிறகும் இல்லை. நேரடியாக வெளிப்படுத்தினால், ஒருவரும் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லாமலே அவர் திருச்சபைக்குப் புறம்பாகிவிடுவார். வன்னியில் இவ்வளவு உறுதியாக இரகசியம் காக்கப்படுகிற வேறு இடம் எனக்குத் தெரியாது.

ஊதாரி மைந்தன் உவமை எல்லோருக்கும் தெரியும், லூக்கா 15. தெரிந்த கதை என்று வேகமாக வாசித்துவிடுகிறோம். மெதுவாக வாசித்துப் பாருங்கள். பன்றிகள் மேய்க்கிற இடத்திலேயே அந்தப் பொடியன் என்ன சொல்லுவது என்று பாடமாக்கிக்கொள்ளுகிறான். கடவுளுக்கும் உமக்கும் எதிராகப் பாவம் செய்தேன். உம்முடைய மகன் என்று சொல்லத் தகுதியில்லை. உம்முடைய கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். மூன்று வசனம். வீட்டுக்கு வந்து முதல் இரண்டையும் சொல்லுகிறான். மூன்றாவது வசனம் வரவே இல்லை. தகப்பன் அதற்குள் வேலையாட்களைக் கூப்பிட்டு, நல்ல உடுப்பு, மோதிரம், செருப்பு என்று அடுக்கத் தொடங்கிவிடுகிறார். முதல் வசனத்துக்கு முன்னாலேயே ஓடி வந்து கட்டிப்பிடித்தும் விட்டார். அவன் மன்னிப்புக் கேட்டதால் தகப்பன் மனம் மாறவில்லை. தூரத்தில் கண்டபோதே அந்த மனம் அப்படித்தான் இருந்தது.

அந்த மூன்றாவது வசனத்தில்தான் எங்கள் ஆக்கள் பலர் நிற்கிறார்கள். மகன் வேண்டாம், கூலியாள் போதும். அதனால்தான் வெறுங்காலோடு நடந்து வருகிறேன், இத்தனை வருடம் நோன்பு இருக்கிறேன், இத்தனை கட்டு மெழுகுதிரி என்று கணக்கு. நேர்த்தி வைப்பதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் சைவச் சகோதரர்களும் இங்கே நேர்த்தியோடுதான் வருகிறார்கள், அந்தப் பக்தி பெரியது. ஆனால் மன்னிப்பை நேர்த்தியால் வாங்க முடியாது. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு, கோடை நெற்செய்கைக்கு, கூட்டம் வைத்து, ஆருக்கு எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரித்துத்தான் வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். பங்கு இல்லாத வயல் காயும். மாரி மழை பங்கு பார்த்துப் பெய்கிறதா? நல்லவர் மேலும் கெட்டவர் மேலும் மழை பெய்யப்பண்ணுகிறார் என்று ஆண்டவரே மத்தேயுவில் சொல்லுகிறார்.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் உரிய கதை என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒரே ஒழுங்கைக்குள் கத்தோலிக்கம், மெதடிஸ்ட், பெந்தகோஸ்தே எல்லாம் இருக்கிறது. நீங்கள் செயலால் இரட்சிப்பு என்கிறவர்கள், நாங்கள் கிருபையால் என்கிறவர்கள் என்று பொடியள் வாதாடுவார்கள். விசுவாசமோ செயலோ, நீதியாக்கப்படுவதற்கு முன்னால் வருகிற எதுவும் அந்த அருளைச் சம்பாதித்துத் தராது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துச் சங்கம் 1547இலேயே எழுதிவைத்திருக்கிறது. 1999 ஒக்ரோபர் 31இல் லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் கூட்டறிக்கையில் கையெழுத்து வைத்தன: எங்களுடைய தகுதியால் இல்லை, அருளால் மட்டுமே கடவுள் எங்களை ஏற்கிறார் என்று. 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். அந்த 1999 நவம்பர் 20 அன்றுதான் இந்த மடுக் கோயில் வளவுக்குள் ஷெல் விழுந்தது. அடைக்கலம் என்று வந்திருந்த சனத்தில் 30 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே கையெழுத்து வைத்து மூன்று கிழமைகூட ஆகவில்லை. அருளைப் பற்றி இந்த மண்ணில் இருந்து கதைக்கிறவன் அந்த ஆக்களையும் நினைத்துக்கொண்டுதான் கதைக்க வேண்டும்.

அடுத்தது, செத்தவர்கள். என்னிடம் கூடக் கேட்கப்படுவது இதுதான். பூசை இல்லாமல், சாகக்கிடக்கிறவருக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதல் இல்லாமல், பங்கருக்குள்ளேயே மூடப்பட்டுப் போன பிள்ளைக்கு என்ன கதி? போர் மாதிரிச் சாவு ஆபத்தில், ஒவ்வொருவராகப் பாவசங்கீர்த்தனம் கேட்க நேரம் இல்லை என்றால், குருவானவர் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுப் பாவமன்னிப்புக் கொடுக்கலாம். தப்பிப் பிழைத்தவர்கள் பிறகு தனியே போய் அறிக்கையிட வேண்டும், அவ்வளவுதான். குருவானவரே இல்லை என்றாலும், கடவுள் மேலுள்ள அன்பினால் வருகிற உத்தம மனஸ்தாபம், பிறகு பாவசங்கீர்த்தனம் செய்கிற விருப்பத்தோடு இருந்தால், சாவான பாவத்தையும் போக்கும். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஞானஸ்நானம் இல்லை, பரிகாரம் செய்ய வழியும் இல்லை. என்னை நினைவில் கொள்ளும் என்றான். இன்றைக்கே என்னோடு பரதீசில் இருப்பாய் என்று பதில் வந்தது. வன்னிக் குருமாரும் சனத்தை விட்டுப் போகவில்லை. சரத்ஜீவன் அடிகளார் கடைசி வரைக்கும் சனத்தோடு நின்று, 2009 மே 18 அன்று, வெளியே வருகிற வழியில் உயிர் விட்டார். பிரான்சிஸ் யோசேப் அடிகளார் அதே நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போனவர், இன்றுவரை திரும்பி வரவில்லை.

கடைசி விடயம்தான் பாரமானது. எங்களுக்குச் செய்தவர்களையும் கடவுள் மன்னிப்பாரா? ஓம், மனம் திரும்பினால் மன்னிப்பார். இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்புவதில்லை, ஆனால் வேறு மாதிரிச் சொன்னால் அது நற்செய்தி இல்லை. அதே வாயால் இதையும் சொல்லுகிறேன். 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டுக் கேட்டே பலர் செத்தும் போனார்கள். அவர்களிடம் போய், மன்னித்து மறந்துவிடுங்கோ அம்மா என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. லூக்கா நற்செய்தியில் வருகிற வரி வசூலிப்பவன் சக்கேயுவைப் பாருங்கள். இயேசு முதலில், இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்கிறார். அருள் முந்தி வந்துவிட்டது. அது உள்ளே போனதும் சக்கேயு என்ன செய்கிறான்? சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி எடுத்ததற்கு நாலு மடங்கு என்று எழும்பி நிற்கிறான். அருள் உள்ளே போன வீட்டில் கணக்கு மறைக்கப்படுவதில்லை, திறக்கப்படுகிறது. உண்மையைச் சொல்லாமல், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் எல்லோரும் சமாதானமாக இருப்போம் என்கிறவர்கள் சக்கேயுவின் வீட்டு வாசலுக்கும் வரவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று இதே மடுவில் நின்று சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். எங்களால் செய்யக்கூடிய தீமையையும், நாங்களே பங்குகொண்ட தீமையையும் சிலுவையின் ஒளியில் விளங்கிக்கொண்டால்தான் உண்மையான மனஸ்தாபம் வரும், அதற்குப் பிறகுதான் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கவும் கொடுக்கவும் முடியும் என்றார். அந்தச் சொல் எல்லாப் பக்கத்துக்கும் பொருந்தும், எங்களுக்கும்தான்.

அந்த அம்மா பிறகு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை. அது கேட்கிற விடயமும் இல்லை.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு. ஓகஸ்ட் 6 கொடியேற்றம், 15 திருவிழா. கடைசி நேரத்துச் சனத்துக்குள் அவதிப்படாமல், திருவிழாவுக்கு முந்தின ஒன்பது நாள் செபம், நவநாள், தொடங்கின உடனேயே வாருங்கள். கன வருடமாகப் போகாதவர்கள், எத்தனை வருடம் என்று தெரியாவிட்டால் கன காலம் சுவாமி என்று சொல்லித் தொடங்குங்கள், போதும். மனஸ்தாப மந்திரம் மறந்துபோனால் சுவாமியே சொல்லித் தருவார், பின்னால் சொல்லலாம். அழுகை வந்து கதைக்க முடியாவிட்டால் நேரம் எடுங்கள், வரிசை காத்திருக்கும். முழங்காலில் இருக்க ஏலாத வயதுபோன ஆக்கள் கதிரை கேளுங்கள், தருவார்கள்.