இருபது பவுண்டும் ஒரு பதிவேடும்

நேயர்களுக்கு வணக்கம். கால்பந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து அழைத்தபோது, ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் பந்தை ஒழுங்காக உதைத்தவனில்லை. கோரிக்கை மனுவும் பேச்சுவார்த்தைக் குறிப்பும் எழுதியே தொழிற்சங்க அலுவலகத்தில் காலத்தை ஓட்டியவன். "அதனாலதான் சார் உங்களைக் கேக்கறோம்" என்றார் நண்பர். ஆகவே இன்று கோல் கணக்கு கொஞ்சமாகவும் கூலிக் கணக்கு கூடுதலாகவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1960-61 குளிர்காலம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கூடியிருக்கிறார்கள். வேலைநிறுத்தம் செய்வதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. இளம் ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து, தன் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் உழைக்கிறார், அவரைவிடத் தனக்கு வருமானம் அதிகம், இதற்குமேல் கேட்பது நியாயமா என்கிறார். நியாயமான கேள்விதான். போல்டன் அணியின் தடுப்பாட்டக்காரர் டாமி பேங்க்ஸ் எழுந்து பதில் சொன்னார். அவர் சொன்னது இன்றைக்கு ஆளுக்கொரு விதமாக வழங்குகிறது. சாரம் இதுதான்: சுரங்க வேலை கஷ்டம் என்று எனக்கும் தெரியும் தம்பி. ஆனால் உங்கப்பா கரி வெட்டுவதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. சனிக்கிழமை 30,000 பேர் முன்னால் நம் தோழர் மாத்யூஸை அவர் வந்து தடுத்துப் பார்க்கட்டும்.

ஸ்டான்லி மாத்யூஸ் என்றால் பந்தை வைத்துக்கொண்டு எதிராளியின் இடுப்பை ஒடித்துவிடும் ஆள். அவரையும் சங்க வழக்கப்படி 'தோழர்' போட்டுச் சொன்னார் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு இந்தக் கதை பிடித்துப்போயிற்று.

அவர்கள் கேட்டது என்ன? அன்றைக்கு ஓர் ஆட்டக்காரர் வாரத்துக்கு வாங்கக்கூடிய அதிகபட்சச் சம்பளம் 20 பவுண்டு. ஆட்டம் இல்லாத கோடை மாதங்களில் 17. இது குறைந்தபட்சக் கூலியாக இருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். இது உச்சவரம்பு. மாத்யூஸானாலும் சரி, மூலையில் கிடக்கும் சின்ன அணியின் ஆளானாலும் சரி, அதைத் தாண்ட முடியாது. 1901-இல் 4 பவுண்டு என்று ஆரம்பித்த விதி, இரண்டு உலகப் போர்களையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. 1922-இல் கூட்டுவதை விட்டுக் குறைக்கவே செய்தார்கள்.

டாம் ஃபின்னி என்று ஒருவர். இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள் ஆடியவர். ஊர்க்காரர்கள் அவரை 'பிரஸ்டன் பிளம்பர்' என்பார்கள். செல்லப்பெயர் மட்டுமில்லை, பிழைப்பும் அதுதான். குழாய் வேலைத் தொழிலைக் கடைசிவரை கூடவே வைத்திருந்தார். 1952-இல் இத்தாலியின் பலேர்மோ அணி அவரைக் கேட்டது. கையெழுத்துப் போட்டால் 10,000 பவுண்டு, அதற்குமேல் மாதச் சம்பளம், வீடு, கார். பிரஸ்டன் கழகம் விடமாட்டேன் என்றுவிட்டது. நீ எங்களுக்கு ஆடவில்லையென்றால் யாருக்கும் ஆட மாட்டாய் என்று கழகத் தலைவர் சொன்னதாகச் சொல்வார்கள். அதோடு முடிந்தது.

எப்படி முடியும்? இங்கேதான் பதிவேடு வருகிறது. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். ஜூன் 30-இல் தீர்ந்துவிடும். ஆனால் ஆட்டக்காரரின் பதிவு, அதாவது அவர் எந்தக் கழகத்துக்கு ஆடலாம் என்ற பதிவு, கழகத்தின் கையிலேயே இருக்கும். வேண்டும் என்றால் 'தக்கவைத்தவர்' பட்டியலில் பெயரைப் போட்டுவிடுவார்கள். அவர் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தால் சம்பளம் நின்றுவிடும், பதிவு நிற்காது. லீக் என்கிற கழகங்களின் கூட்டமைப்பிலுள்ள மற்ற 91 கழகங்களில் ஒன்றும் அவரைத் தொட முடியாது. வேலையும் இல்லை, வேறு இடத்துக்குப் போகும் உரிமையும் இல்லை. ஆட்டக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் அடிமை ஒப்பந்தம். கூலி உச்சவரம்பைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய பூட்டு இந்தப் பதிவேடுதான். இன்னோர் இடத்துக்குப் போகும் வழி அடைபட்டிருக்கும்போது கூலி பேச யார் வருவார்கள்?

முதலாளிகள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர்களில் பலர் கழகத்தை வைத்துக் கோட்டை கட்டியவர்கள் அல்ல. பங்கு ஈவு 7.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அவர்களுக்கும் ஒரு வரம்பு இருந்தது. அவர்கள் வாதம், உச்சவரம்பு போனால் பணக்கார நகரங்கள் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும், சிற்றூர் அணிகள் செத்துவிடும் என்பது. முழுப் பொய் என்று தள்ள முடியாது. சோப்புக் கம்பெனிக்காரனுக்கு எதிர்க் கம்பெனி மூடினால் கொண்டாட்டம். கால்பந்து முதலாளிக்கோ அடுத்த சனிக்கிழமை எதிரே ஓர் அணி இருந்தாக வேண்டும். அதனால் மைதானத்தில் மோதிக்கொள்கிறவர்கள் கூலி பேசும் அறையில் ஒரே முதலாளியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் இருந்த லீக் செயலாளர் ஆலன் ஹார்டேகர் லேசில் இறங்கி வருகிறவர் அல்ல.

ஆட்டக்காரர்களின் சங்கமும் புதிது அல்ல. 1907-லேயே மான்செஸ்டரில் பில்லி மெரடித் போன்றவர்கள் கூட்டம் போட்டு ஆரம்பித்தது. 1909-இல் சங்கத்தை விட்டு விலகு என்று கால்பந்துச் சம்மேளனம் கெடு வைத்தபோது, அந்த வருஷக் கோப்பையை வென்றிருந்த மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் மாட்டோம் என்றார்கள். சம்பளம் நின்றது. தாங்களாகவே வேறு இடத்தில் பயிற்சி எடுத்தார்கள். அப்போது எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே ஒரு பலகையில் 'ஒதுக்கப்பட்டோர் அணி, 1909' என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார்கள். வேலை போன நேரத்திலும் படத்துக்கு நிற்கும் அந்தக் குறும்பு இருக்கிறதே! ஆட்டப் பருவம் தொடங்கும் தறுவாயில் சமரசம் ஆயிற்று. சங்கம் பிழைத்தது. உச்சவரம்பும் பிழைத்தது.

அதை உடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1957-இல் சங்கத் தலைவரானவர் ஃபுல்ஹாம் ஆட்டக்காரர் ஜிம்மி ஹில். தாடி வைத்தவர், பேச்சுக்காரர், பத்திரிகைக்காரர்களை எப்படிக் கையாள்வது என்று அறிந்தவர். 1961 ஜனவரி 21 சனிக்கிழமை ஆட்டம் கிடையாது என்று வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தார்கள். கருங்காலிகளை வைத்து ஆட்டம் நடத்தினாலும் மாத்யூஸுக்கும் ஃபுல்ஹாம் நட்சத்திரம் ஜானி ஹெய்ன்ஸுக்கும் பதில் யாரை இறக்குவது? தொழிலாளர் அமைச்சகம் இரு தரப்பையும் உட்காரவைத்தது. ஜனவரி 18-இல் உடன்பாடு ஏற்பட்டது. அறுபது வருஷத்து உச்சவரம்பு போயிற்று.

ஃபுல்ஹாம் கழகத் தலைவர் டாமி ட்ரின்டர் தொழிலால் நகைச்சுவைக் கலைஞர். வரம்பு இல்லையென்றால் ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு தருவேன் என்று வாய் விட்டிருந்தார். கொடுக்க வேண்டியதாயிற்று.

பதிவேடு மட்டும் அப்படியே இருந்தது. லீக் அதை விட்டுக்கொடுக்கவில்லை. அங்கேதான் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வருகிறார். நியூகாசில் அணிக்காரர். 1960-இல் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு அணிக்குப் போகிறேன் என்றார். கழகம் 'தக்கவைத்தவர்' பட்டியலில் போட்டது. சரி என்று தெற்கே போய், தெரிந்தவர் ஒருவரின் வியாபாரத்தில் கார்க், அதாவது தக்கை, விற்றார். ஒரு தேசிய அளவு ஆட்டக்காரர், பந்தை விட்டுவிட்டு, கார்க் மாதிரிகளோடு! மாதக்கணக்கில் இழுத்த பிறகு நியூகாசில் மனம் மாறி 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனலுக்கு விற்றது. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. நம்மில் பெரும்பாலோர், கழகத்தின் மேல் போட்டிருந்த வழக்கை அத்தோடு மூட்டை கட்டியிருப்போம். என் அனுபவத்தில் சொல்கிறேன், தன் பிரச்சினை தீர்ந்த பிறகும் சாட்சிக் கூண்டு ஏறுகிற தொழிலாளியைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஈஸ்ட்ஹாம் ஏறினார். செலவைச் சங்கம் ஏற்றது.

1963-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதி வில்பர்ஃபோர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய அதே வில்பர்ஃபோர்ஸின் கொள்ளுப்பேரன் வழி வந்தவர். ஒப்பந்தம் முடிந்த ஆளை இப்படிப் பிடித்துவைப்பது தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்றார். ஈஸ்ட்ஹாமுக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. பூட்டும் ஒரேயடியாகத் திறக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு விலை கேட்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜியத்தின் ழான்-மார்க் போஸ்மன் வழக்கில் சொன்னது 1995 டிசம்பரில்.

சிற்றூர் அணிகள் என்ன ஆயின? 1962-இல் அக்ரிங்டன் ஸ்டான்லி லீக்கை விட்டு விலகியதும், பார்த்தீர்களா என்றார்கள் பழைய முதலாளிகள். அதன் கடன் உச்சவரம்பு இருந்த காலத்திலேயே ஏறிக்கொண்டிருந்தது என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வழக்கில் கழக நிர்வாகிகள், லீக் பெரியவர்கள் என்று பலர் சாட்சி சொன்னார்கள். இந்தத் தொழிலின் நடைமுறை தெரிந்து பேசியவர் என்று நீதிபதி தனியாகக் குறிப்பிட்டது கிளிஃப் லாய்டை. சங்கத்தின் செயலாளர். மனு எழுதி, பேச்சுவார்த்தைக் குறிப்பெடுத்து, கோப்பு கட்டியவர்.