உரத்துப் பேசாத டிரம்பெட்: ‘குவயட் கென்னி’ இசைத்தட்டு குறித்து

அவையோருக்கு வணக்கம்.

நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் 1959ஆம் ஆண்டுக் கோடையில் புதிதாகத் திறந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், அதே ஆண்டு நவம்பர் 13 அன்று ஜாஸ் கலைஞர்கள் நான்கு பேர் கூடினார்கள்: டிரம்பெட்டில் கென்னி டோர்ஹம், பியானோவில் டாமி ஃபிளானகன், பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஆர்ட் டெய்லர். ஒரே நாளில் பதிவாகி, பிரஸ்டீஜ் நிறுவனத்தின் கிளையான நியூ ஜாஸ் வழியாக வெளிவந்த ‘குவயட் கென்னி’ இசைத்தட்டைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறேன். ஜப்பானிய ரசிகர்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் தட்டு இது. இதன் முதல் பதிப்புக்குச் சேகரிப்பாளர்கள் இப்போது பெருந்தொகை கொடுக்கிறார்கள். டோர்ஹம் உயிரோடிருந்தபோது அந்த மதிப்பில் சிறு பங்குகூட அவருக்குக் கிட்டவில்லை.

டெக்சாஸில் 1924இல் பிறந்த டோர்ஹம், 1948இன் இறுதியில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் விலகிய இடத்தில் சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கரின் குழுவில் சேர்ந்தவர். இன்னொரு டிரம்பெட் கலைஞர் கிளிஃபர்ட் பிரவுன் 1956இல் விபத்தில் மறைந்தபின் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சின் குழுவில் அந்த இடத்தை நிரப்பியவரும் அவரே. பெரியவர்கள் விட்டுச்சென்ற நாற்காலிகளில் அடுத்தடுத்து அமர்ந்ததால்தானோ என்னவோ, ‘உரிய மதிப்புப் பெறாதவர்’ என்ற அடைமொழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சிறுநீரக நோயால் 48ஆம் வயதில் காலமானார்.

டிரம்பெட்டில் உதடுகளின் அதிர்விலிருந்தே நாதம் பிறப்பதால், ஊத ஊத உதட்டுத் தசைகள் சோர்ந்துவிடும். ப்ளூஸ் சாயல் மிக்க ஜாஸ் பாணியான ஹார்ட் பாப்பை இசைத்த அக்காலக் குழுக்களில் டிரம்பெட்டுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு டெனர் சாக்ஸஃபோன் நிற்கும். இணைந்து இசைக்க மட்டுமல்ல, ஊதுபவர் மூச்சு வாங்கவும் அது உதவும். இத்தட்டில் அந்தத் துணை இல்லை. ஆனாலும் டோர்ஹம் மேல் ஸ்தாயியில் ஏறி வலிமை காட்ட முயலவில்லை. மத்திய ஸ்தாயியிலேயே நின்று, ஓரங்கள் சற்றே மங்கிய நாதத்தில், சொற்றொடரைச் சொல்லிவிட்டு இடைவெளி விடுகிறார். அந்த இடைவெளிகளில் ஃபிளானகன் இரண்டு மூன்று சுரங்களை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்குவதைக் கவனியுங்கள்.

இதே ஃபிளானகன், சேம்பர்ஸ், டெய்லர் மூவரும்தான் அதே ஆண்டு மே மாதம் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுடன் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ இசைத்தட்டைப் பதிவு செய்தவர்கள். அந்தத் தலைப்புப் பாடலின் பாய்ச்சலில், நொடிக்கு நொடி மாறும் ஸ்வரக்கட்டுகளுக்கு (கார்டுகளுக்கு) ஈடுகொடுக்க முடியாமல் ஃபிளானகனின் தனி வாசிப்பு தடுமாறியதை ஜாஸ் ரசிகர்கள் அறிவார்கள். ஆறு மாதங்களுக்குப் பின் இங்கே அவர் கைகளில் எந்தப் பதற்றமும் இல்லை. என்னைக் கேட்டால், அந்த மூவரின் உண்மையான அழகு இந்த நிதானத்தில்தான் வெளிப்படுகிறது. கோல்ட்ரேன் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதல் பாடலான ‘லோட்டஸ் பிளாசம்’ டோர்ஹமே இயற்றியது; சாக்ஸஃபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் இரண்டாண்டுகளுக்கு முன்பே ‘ஏசியாட்டிக் ரேஸ்’ என்ற பெயரில் அதை வாசித்திருந்தார். லத்தீன் சாயலில் கட்டப்பட்ட தாளம் ஜாஸுக்கே உரிய ஊசலாடும் நடையான நேரான ஸ்விங்குக்கு அவிழும் கணத்தில், டெய்லரின் கையோடு பாட்டின் நடையே மாறிவிடுகிறது. ‘ப்ளூ ஃப்ரைடே’ ஏறக்குறைய ஒன்பது நிமிடங்கள் நடக்கும் ப்ளூஸ் (பதிவு நடந்த நாளும் வெள்ளிக்கிழமையே). அதை அடுத்து வரும் ‘அலோன் டுகெதர்’ மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டி முடிந்துவிடுகிறது. தன் கற்பனையை நீட்டி விரிக்க வாய்ப்பிருந்தும், மெட்டை ஏறக்குறைய உள்ளபடியே, மெதுவாக ஊதிவிட்டு டோர்ஹம் நிறுத்திக்கொள்கிறார். மெட்டைத் தொட்டதும் அதைக் கலைத்துப்போடத் துடிக்கும் கலைஞர்கள் நிறைந்த காலத்தில் இது சாதாரணத் துணிவல்ல.

இரண்டாம் பக்கத்தில் ‘ஓல்ட் ஃபோக்ஸ்’ தவிர மற்றவற்றை முதல் பக்கத்துக்கு இணையாக நான் வைக்க மாட்டேன். ஆகவே இப்போது முதல் பக்கத்தை முழுமையாகக் கேட்போம். ‘மை ஐடியல்’ ஒலிக்கையில் சேம்பர்ஸின் பாஸை மட்டும் தனியே பின்தொடர்ந்து பாருங்கள்.