கூட்டம் ஏன் எழுந்தது?

(தூத்துக்குடியில் மாணவர்களுக்கான பேச்சுப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, ஆசிரியப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கேட்பவர்களை எழுச்சி கொள்ள வைக்கும் பேச்சைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்காக சிகாகோவில் பேசிய விவேகானந்தர், வாஷிங்டனில் பேசிய மார்ட்டின் லூதர் கிங் என்று நான் தூரம் போகவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இதே ஊரில் 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்போது இங்கே கடற்கரையில் கூட்டம் போடுவார்கள். மைக் கிடையாது. பேசியவர்கள் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும். சிவா வத்தலக்குண்டில் பிறந்தவர். ஊர் ஊராகப் போய்ப் பேசுவதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர். வயது அப்போது 23. உங்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வ.உ.சி. வக்கீல், வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் விட்டவர்.

அன்றைய காங்கிரஸ் மேடைகளில் பெரும்பாலும் இங்கிலீஷ்தான். படித்தவர் பேசுவார், படித்தவர் கேட்பார். தமிழில் கதாகாலட்சேபம் இருந்தது, பாதிரிமார் பிரசங்கம் இருந்தது. ஆனால் அரசியலைத் தமிழில், ஆலைத் தொழிலாளிக்கும் கடைக்காரருக்கும் எதிரே நின்று பேசுவது புதுசு. அதுவரை யாரும் தங்களிடம் கருத்துக் கேட்டதில்லை என்றிருந்த மனிதர்கள், தங்களை நோக்கி ஒருவர் நாட்டைப் பற்றிப் பேசுவதை அன்றுதான் கேட்டார்கள். அந்த மரியாதையே பாதி வேலையைச் செய்துவிட்டது என்பது என் எண்ணம்.

மீதிப் பாதி, அவர்கள் எதைப் பேசினார்கள் என்பதில் இருக்கிறது. ஊரில் கோரல் மில் என்ற நூற்பாலை இருந்தது, வெள்ளைக்காரர் நிர்வாகத்தில். காலையில் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வர முடியும். சம்பளம் மிகக் குறைவு. வாரத்தில் ஒருநாள்கூட லீவு கிடையாது. சிவாவும் வ.உ.சி.யும் சுயராஜ்யத்தைப் பற்றிப் பேசினார்கள். அதே மேடையில் இந்தச் சம்பளத்தையும் இந்த லீவையும் பற்றிப் பேசினார்கள். சுயராஜ்யம் என்பது எங்கோ வங்காளத்தில் நடக்கும் காரியம் என்று நினைத்தவனுக்கு, தன் ஞாயிற்றுக்கிழமையும் அதற்குள் இருக்கிறது என்று புரிந்தது. புரிந்ததும் அவன் செய்வதற்கு ஒரு காரியமும் இருந்தது: நாளைக்கு வேலைக்குப் போகாமல் இருப்பது.

பிப்ரவரி 27-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி. பேச்சோடு நிற்கவில்லை; வேலைக்குப் போகாதவர்களின் சாப்பாட்டுக்கு வழி தேடினார். ஊரும் சேர்ந்துகொண்டது. நாவிதர் ஒருவர், தன்னிடம் சவரம் செய்துகொண்டிருந்த வக்கீல் வெள்ளைக்காரர் பக்கம் பேசுகிறவர் என்று தெரிந்ததும், பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கடற்கரையில் கேட்டதை அந்த மனிதர் தன் கையில் இருந்த தொழிலை வைத்தே செய்து காட்டினார். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்த வேலைநிறுத்தம், சம்பள உயர்வோடும் ஞாயிறு விடுமுறையோடும் முடிந்தது.

அப்புறம் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மார்ச் 12-ஆம் தேதி இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அரசு அலுவலகங்கள் எரிந்தன. போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. ஒரு கூட்டத்தை எழுப்பிவிட்டால் அது எந்தப் பக்கம் போகும் என்பது எப்போதும் பேசியவர் கையில் இருப்பதில்லை. பேச்சுக்கலை சொல்லிக் கொடுக்கிற நாம் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம், தாண்டக் கூடாது.

கடற்கரைக் கூட்டங்களில் போலீஸார் எடுத்த குறிப்புகள் நீதிமன்றத்துக்கு வந்தன. பேசிய பேச்சே குற்றமானது. ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே சிவாவுக்குப் பத்தாண்டு விதித்தார், வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை. வ.உ.சி. மீது சுமத்திய குற்றங்களில் ஒன்று, சிவாவுக்கு இடம் கொடுத்து ஆதரித்தது! மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும் சிறை சிறைதான். சிவா உள்ளே போனபோது இளைஞர். வெளியே வந்தபோது தொழுநோயாளி. ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தபோதும் நடந்தே போய்ப் பேசினார். தான் சொல்லும் சொல்லுக்கு என்ன விலை என்று தெரிந்தே ஒருவர் பேசுகிறார் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். குரலை ஏற்றி இறக்கி அதை உண்டாக்க முடியாது.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், பேச்சுப் போட்டிகளில் நடுவராக உட்காரும்போது நான் கேட்பது வேறாக இருக்கிறது. "அறிஞர் ஒருவர் சொன்னார்" என்று ஆரம்பம். நடுவில் நாலு மேற்கோள். முடிவில் கைதட்டலுக்காகக் குரல் உச்சத்துக்குப் போகும். உச்சரிப்பு சுத்தம், மனப்பாடம் சுத்தம். ஆனால் எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் அதே பேச்சுத்தான். உப்பளத் தொழிலாளியின் பிள்ளைகள் எதிரில் இருந்தாலும் உப்பளம் அதில் வராது.

சரி, இன்று மதியம் உங்களுக்குத் தலைப்பு கொடுப்பார்கள். கொடுத்ததும் செல்போனில் மேற்கோள் தேடாதீர்கள். ஒரு மணி நேரம் இருக்கிறது, வெளியே போய், மீன் ஏலம் போடுகிறவரிடமோ, பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவரிடமோ அந்தத் தலைப்பைச் சொல்லி, "அண்ணாச்சி, உங்களுக்கு இதில் என்ன குறை இருக்கு?" என்று கேட்டு வாருங்கள். அவர் சொன்னதிலிருந்து ஆரம்பியுங்கள். கேட்டவர் நாளைக் காலையில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் மாலை வரை காத்திருக்கப் போகிறேன்.

நன்றி, வணக்கம்.