மலைமேல் ஒரு அச்சகம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அல்பேனியா என்றதும் நமக்கு அன்னை தெரசா நினைவுக்கு வருவார். அல்பேனியக் குடும்பம்தான், ஆனால் அவர் பிறந்த ஸ்கோப்யே இன்று வடக்கு மாசிடோனியாவில் இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜாவையும், நாடு முழுக்க அவர் கட்டிவைத்த கான்கிரீட் பதுங்கு குழிகளையும் சொல்வார்கள். நான் பேச வந்தது இந்த இரண்டையும் பற்றி அல்ல. நாட்டின் தென்கிழக்கே, கொர்ச்சா நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் மலையேறினால் வருகிற வொஸ்கொபோயா என்ற ஊரைப் பற்றி.

ஏறக்குறைய 1,160 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். சுற்றிலும் பைன் மரக்காடு, மேய்ச்சல் நிலம், குளிர்காலத்தில் பனி. இன்றைக்கு அது ஒரு சின்ன கிராமம். ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், மொஸ்கோபோலிஸ் என்ற பெயரோடு, பால்கன் பகுதியிலேயே பேர்போன வணிக நகரங்களில் ஒன்றாக இருந்தது. அறுபதாயிரம் பேர் வாழ்ந்தார்கள் என்றுகூட எழுதுகிறார்கள். இன்றைய ஆய்வாளர்கள் அதை நம்புவதில்லை, எனக்கும் நம்பிக்கை இல்லை. அந்த மலைச்சரிவில் அத்தனை பேருக்குத் தண்ணீருக்கு எங்கே போவது? எண்ணிக்கையை விடுங்கள், அந்த ஊரில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம்.

அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அரோமானியர்கள். லத்தீன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மொழியைப் பேசுகிறவர்கள். பரம்பரைத் தொழில் ஆடு மேய்ப்பது. கோடையில் மலைக்கு ஓட்டுவார்கள், குளிர் வந்தால் கடலோரச் சமவெளிக்கு இறக்குவார்கள். இப்படி வருஷா வருஷம் ஏறி இறங்குகிறவனுக்கு எல்லாக் கணவாயும் தெரியும், வழியில் யாருக்கு என்ன கொடுத்தால் விடுவார்கள் என்பதும் தெரியும். கையில் கம்பளி இருக்கிறது, தோல் இருக்கிறது, சுமக்கக் கோவேறு கழுதை இருக்கிறது. அப்புறம் வணிகம் வராமல் என்ன செய்யும்? துர்ரெஸ் துறைமுகம் வழியாக வெனிஸுக்குச் சரக்கு போனது. 1718-இல் பஸாரோவிட்ஸ் என்ற இடத்தில் துருக்கி சுல்தானுக்கும் ஆஸ்திரியப் பேரரசுக்கும் உடன்படிக்கை ஆனதும் தரைவழியும் திறந்துகொண்டது. வியன்னா, பெஸ்ட் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பாதி), லைப்சிக் வரை இந்த மலையூர்க்காரர்கள் கடை போட்டார்கள்.

பணம் வந்தால் கோயில் கட்டுவது எங்கும் உள்ள வழக்கம். இவர்களும் கட்டினார்கள், இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் என்று சொல்வார்கள். எஞ்சியிருப்பவை கைவிரலில் எண்ணிவிடக்கூடியவை. அவற்றில் புனித நிக்கோலஸ் ஆலயத்தை மட்டும் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. நீளமான கல் சுவர், தாழ்வான கூரை, பக்கத்தில் வளைவுத் தூண்கள் கொண்ட தாழ்வாரம். தானியக் கிடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம். சுல்தான் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் வெளியே பகட்டாகக் கட்டுவது உசிதமில்லை. உள்ளே போனால்தான் செலவழித்த பணம் தெரியும். தரையிலிருந்து கூரை வரை ஓர் அங்குலம் விடாமல் சுவரோவியம். 1726-இல் டேவிட் செலெனிட்சா என்பவர் வரைந்தது. பின்னால் கொர்ச்சாவைச் சேர்ந்த கோன்ஸ்டன்டின், அதனாஸ் என்ற சகோதரர்கள் இங்கும் பக்கத்துக் கோயில்களிலும் வேலை செய்தார்கள்.

ஆனால் என்னை இந்த ஊரின் பக்கம் இழுத்தது ஓவியம் இல்லை, அச்சு இயந்திரம். 1730-களிலேயே இந்த மலைமேல் ஓர் அச்சகம் ஓடியது. கடலோரத்தில் இல்லை, தலைநகரத்தில் இல்லை, கழுதைப் பாதையில் போய்ச் சேர வேண்டிய ஓர் ஊரில்! ஈய எழுத்துகளும் காகிதமும் அந்தப் பாதையில்தான் ஏறி வந்திருக்க வேண்டும். அச்சானவை இருபது புத்தகங்கள் அளவுக்குத்தான், பெரும்பாலும் கிரேக்க மொழியில் வழிபாட்டு நூல்கள். கூடவே ஒரு பள்ளிக்கூடம். 1744-இல் அதற்குப் ‘புதிய அகாடமி’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்த அகாடமியின் தலைவர் தியோடர் கவாலியோட்டிஸ் 1770-இல் வெனிஸில் ஒரு பாடநூல் வெளியிட்டார். அதில் ஒரு சொற்பட்டியல் உண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒரு பக்கத்தை மனதில் கொண்டுவாருங்கள்: மூன்று பத்தி. முதலில் கிரேக்கம், அடுத்து அரோமானியம், அடுத்து அல்பேனியம். மூன்றும் கிரேக்க எழுத்தில். கிரேக்க அகர வரிசைதான் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. எந்த மொழி முதலாளி, எது கூலி என்பது அந்தப் பக்க அமைப்பிலேயே தெரிந்துவிடும்.

அவருக்குப் பின் வந்தவர் இந்த ஊர்க்காரரான டானியல் என்ற பாதிரியார். அவர் நான்கு மொழி நூல் செய்தார். ஸ்லாவ் மொழி ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். அதன் 1802 பதிப்பின் தொடக்கச் செய்யுளில் அல்பேனியர், அரோமானியர், பல்கேரியர் எல்லோரையும் கூப்பிட்டு, உங்கள் மொழியை விட்டுவிட்டுக் கிரேக்கத்துக்கு மாறுங்கள் என்று உபதேசம் செய்கிறார். வேடிக்கை பாருங்கள். விடச் சொன்ன மொழிகளின் அன்றாட வாக்கியங்களை எல்லாம் வரிசையாக எழுதிவைத்தவரும் அவரே. இன்றைக்கு அந்த மொழிகளை ஆராய்கிறவர்கள் அவர் புத்தகத்தைத்தான் தேடிப் போகிறார்கள். செய்யுளை யார் சீந்துகிறார்கள்?

சரி, ஊர் எப்படி அழிந்தது? 1769-இல் முதல் பெரிய சூறையாடல். 1788-இல் சுல்தானின் ஆளுநர் அலி பாஷாவின் ஆட்கள் மறுபடியும். மிச்சம் இருந்ததை 1916-இல் கொளுத்தினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் கொள்ளையால் ஊர் செத்தது என்று மட்டும் சொல்லி முடிப்பதை நான் ஏற்பதில்லை. கொள்ளை போன ஊர்கள் பால்கனில் எத்தனையோ. பல மறுபடி எழுந்திருக்கின்றன. இந்த ஊர் எழாததற்குக் காரணம், கட்டக்கூடியவர்களுக்கு ஏற்கெனவே வேறு ஊரில் வீடு இருந்ததுதான். வியன்னாவில் கடையும் பெஸ்டில் கிடங்கும் இருப்பவன் எரிந்த மலைக்கு எதற்குத் திரும்புவான்? சினா குடும்பத்தைப் பாருங்கள். இந்த ஊரிலிருந்து கிளம்பி வியன்னாவில் வங்கிக்காரர்கள் ஆனார்கள். 1849-இல் திறந்த புடாபெஸ்ட் சங்கிலிப் பாலத்துக்குப் பணம் திரட்டியதில் ஜார்ஜ் சினாவுக்குப் பெரும் பங்கு. ஏதென்ஸ் வானாய்வகம் அவர் கொடை. ஏதென்ஸ் அகாடமிக் கட்டடத்துக்குச் செலவழித்தவர் அவர் மகன் சைமன். அந்தக் காசில் கால்வாசி இந்த மலைக்குத் திரும்பியிருந்தால்... சரி, அது என் ஆதங்கம்.

வெளிநாடு போக முடியாதவர்கள் பலர் கீழே கொர்ச்சாவுக்கு இறங்கினார்கள். வொஸ்கொபோயா தேயத் தேய கொர்ச்சா வளர்ந்தது. 1887-இல் அல்பேனிய மொழியிலேயே பாடம் சொல்லும் பள்ளி அங்கேதான் திறந்தது. டானியல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வழியில் லாக்ரோர் சாப்பிடாமல் வராதீர்கள். மாவை மெல்லிசாகத் தேய்த்து, இரண்டு மாவு அடுக்குகளுக்கு நடுவே வெங்காயமோ கீரையோ வைத்து, வட்டத் தட்டில் பரப்பி, மேலே இரும்பு மூடி போட்டு, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டு வேகவைப்பார்கள். கொர்ச்சாப் பக்கத்துச் சிறப்பு அது. அந்த நகரத்திலேயே இடைக்காலக் கலை அருங்காட்சியகமும் உண்டு. 1967-இல் அரசு மதத்தையே தடை செய்து கோயில்களை மூடியது. இந்தப் பகுதிக் கோயில்களின் திருவுருவப் படங்களில் பல இன்று அந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. அதனால் முதலில் கொர்ச்சாவில் படங்களைப் பாருங்கள், அப்புறம் மலையேறிச் சுவர்களைப் பாருங்கள்.

அரோமானிய மொழி இன்னும் பிழைத்திருக்கிறதா என்று முன்வரிசையில் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பிழைத்திருக்கிறது, ஆனால் தெம்பாக இல்லை. 2017-இல் வந்த சட்டம் அரோமானியரைத் தேசியச் சிறுபான்மையினர் என்று ஏற்றுக்கொண்டது. அடுத்த சீட்டு யாருடையது?